புதிய மடிக்கணினியில் ஃபால்அவுட்: நியூ வேகஸ் கிராஷும் திணறலும் இல்லாமல் ஓட

கேள்வி இதுதான்: 2010இல் வாங்கிய ஃபால்அவுட்: நியூ வேகஸ் டிவிடி பெட்டி வீட்டில் இருக்கிறது. இப்போது வாங்கியிருப்பதோ விண்டோஸ் 11, ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி நினைவகம், 165 ஹெர்ட்ஸ் திரை கொண்ட மடிக்கணினி. அதில் வட்டு போட இடமே இல்லை. அண்ணன் மகனின் ஸ்டீம் (கேம்களை வாங்கி இறக்கும் இணையக் கடை) கணக்கில் அதே கேமை ஏற்றிப் பார்த்தால், தலையைத் திருப்பும்போதெல்லாம் படம் திணறுகிறது. ஒரு மணி நேரம் கழித்து கேமில் வரும் ஃப்ரீசைடு பகுதிப் பக்கம் போனால் டெஸ்க்டாப்புக்கு வந்து விழுகிறது. சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் ஒரு வெளி டிவிடி டிரைவ் வாங்கி, சொந்த வட்டிலிருந்து ஏற்றினால் சரியாகிவிடுமா? நினைவகத்தை 32 ஜிபி ஆக்க வேண்டுமா?

இரண்டுக்கும் காசு செலவழிக்காதீர்கள். டிரைவாலும் சரியாகாது, கூடுதல் நினைவகத்தாலும் சரியாகாது. உங்கள் கணினிக்கு வலுக் குறைவில்லை. அதன் வலுவில் பெரும்பகுதி இந்தக் கேமின் கண்ணுக்கே தெரியாது. தெரிகிற பகுதியோ அது எதிர்பார்த்ததைவிட மிக வேகமாக இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொன்றும் ஏன் என்று விளங்கிவிடும்.

வட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நியூ வேகஸ், கடையில் விற்ற வட்டுப் பதிப்பிலேயே ஸ்டீமைக் கட்டாயமாக்கிய கேம். பெட்டிக்குள் அச்சிட்டிருக்கும் குறியீடுதான் உங்கள் சொத்து. வட்டு வெறும் சுமைதாங்கி. ஸ்டீமில் 'கேம்ஸ்' மெனுவுக்குப் போய், பொருளைச் செயல்படுத்தும் வரியில் அந்தக் குறியீட்டைத் தட்டினால் கேம் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். நம் ஊர் ஃபைபர் இணைப்பில் சுமார் 10 ஜிபி ஒரு பெரிய விஷயமில்லை. 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று வந்தால், 2010இலேயே ஏதோ ஒரு கணக்கில் அது ஏறிவிட்டது என்று பொருள். ஒரு குறியீடு ஒரு கணக்குக்குத்தான். அந்தப் பழைய கணக்கின் மின்னஞ்சலை நினைவுபடுத்திப் பாருங்கள். முடியாவிட்டால் அந்தக் குறியீட்டையே உரிமைச் சான்றாகக் காட்டி ஸ்டீம் ஆதரவுப் பிரிவிடம் கணக்கை மீட்டுத் தரக் கேட்கலாம்.

ஆனால் பழைய பெட்டியில் மூலக் கேம் மட்டுமே இருக்கும். கதை சேர்க்கைகள் நான்கும் (டெட் மணி, ஹானஸ்ட் ஹார்ட்ஸ், ஓல்ட் வேர்ல்ட் ப்ளூஸ், லோன்சம் ரோடு), சிறு சேர்க்கைகள் இரண்டும் இருக்காது. இன்று பரிந்துரைக்கப்படும் பிழைதிருத்த மோட்கள் (ரசிகர்கள் எழுதிய மாற்றங்கள்) பெரும்பாலும் ஆறும் இருப்பதாகவே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஸ்டீம் தள்ளுபடி வரும்போது எல்லாம் அடங்கிய அல்டிமேட் பதிப்பைச் சில வெள்ளிக்கு வாங்கிவிடுவதே வசதி. தள்ளுபடி அமெரிக்கப் பசிபிக் நேரம் காலை 10 மணிக்குத் தொடங்கும். நமக்கு அது நள்ளிரவு தாண்டி 1 மணி, அவர்களுடைய குளிர்காலத்தில் 2 மணி. தேசிய சேவைக்குப் போய் வார இறுதிக்கு வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு இது மனப்பாடம்.

எங்கே ஏற்றுவது

ஸ்டீம் தானாகத் தேர்ந்தெடுக்கும் இடம் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும். விண்டோஸ் அந்த இடத்தைக் காவல் போட்டு வைத்திருக்கிறது. கேமும் மோட் கருவிகளும் அங்கே எழுத முயன்றால் சில நேரம் தடுக்கும். சில நேரம் தடுத்ததைச் சொல்லாமல் வேறெங்கோ திருப்பி எழுதிவிடும். மாற்றம் செய்தோமே, ஏன் பலிக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது பெரும்பாலும் இதுதான். ஸ்டீமின் ஸ்டோரேஜ் அமைப்பில் புதிய லைப்ரரி ஒன்றை டிரைவின் வேரிலேயே, 'கேம்ஸ்' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஃபோல்டரில் உருவாக்கி அங்கே ஏற்றுங்கள்.

ஆங்கிலத்தில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் தமிழுக்குப் பழைய வகை எழுத்துப் பக்கம் கிடையாது. தமிழ் முழுக்க யூனிகோடில்தான். நியூ வேகஸ் காலத்துக் கேம்கள் பலவும் ஃபோல்டர் பாதையைப் பழைய முறையில் படிப்பவை. தமிழ் எழுத்து வந்தால் அவற்றுக்குக் கேள்விக்குறிகள்தான் தெரியும். விண்டோஸ் பயனர் பெயரையே தமிழில் வைத்திருந்தால் 'டாக்குமெண்ட்ஸ்' பாதையிலும் தமிழ் வந்துவிடும். சேமிப்புக் கோப்புகளும் அமைப்புக் கோப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. சேமிக்க முடியவில்லை, அமைப்புகள் ஒவ்வொரு முறையும் பழையபடி ஆகின்றன என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் பெயரிட்ட இன்னொரு பயனர் கணக்கைத் திறந்து அதில் விளையாடுவதே சுருக்கமான வழி.

கூடவே ஒன்டிரைவ், அதாவது விண்டோஸின் இணையச் சேமிப்பு. புதிய மடிக்கணினிகளில் 'டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரை அது தன் பக்கம் இழுத்துக்கொண்டிருப்பது வழக்கம். கேம் ஒரு கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே அதை மேகத்துக்கு ஏற்றப் பார்க்கும். 'மை கேம்ஸ்' ஃபோல்டரை எப்போதும் இந்தச் சாதனத்திலேயே வைத்திருக்கும்படி அமைக்கலாம். இல்லையேல் டாக்குமெண்ட்ஸ் காப்பையே நிறுத்திவிடலாம்.

ஏற்றிய பிறகு, வேறு எதையும் தொடுவதற்கு முன் கேமின் சொந்த லாஞ்சரை (கேமுக்கு முன் வரும் தொடக்கச் சாளரம்) ஒருமுறை திறந்து, திரையின் உண்மையான ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுத்து, கேமின் முதல் மெனு வரை போய் வெளியே வாருங்கள். அமைப்புக் கோப்புகள் அப்போதுதான் உருவாகும். லாஞ்சர் தன்னிடமுள்ள பழைய பட்டியலைப் பார்த்துத்தான் கிராஃபிக்ஸ் கார்டை மதிப்பிடும். 4060 என்ற பெயர் அதற்குத் தெரியாது. தானாகக் குறைந்த தரத்தைப் பரிந்துரைத்தால் பொருட்படுத்தாமல் 'அல்ட்ரா' வையுங்கள். ஆன்டிஅலையாசிங்கை (விளிம்புகளின் பிசிறைக் குறைப்பது) மட்டும் 4 மடங்கோடு நிறுத்தலாம்.

ஒரு மணி நேரக் கிராஷ்

ஃப்ரீசைடில் விழுவதற்குக் காரணம் ஃப்ரீசைடு அல்ல. நியூ வேகஸ் 32 பிட் நிரல். 32 பிட்டில் எண்ணக்கூடிய முகவரிகள் மொத்தம் 4 ஜிபி. அதிலும் பாதியை விண்டோஸ் தனக்கென ஒதுக்கிவிட்டு, நிரலுக்கு 2 ஜிபி மட்டுமே கொடுக்கும். 'எனக்குப் பெரிய முகவரிகளைக் கையாளத் தெரியும்' என்று நிரல் தன் தலைப்பில் ஒரு கொடியை ஏற்றியிருந்தால்தான் மீதியும் கிடைக்கும். ஸ்டீமில் வரும் எக்ஸ்இ (கேமை இயக்கும் நிரல்) கோப்பில் அந்தக் கொடி இல்லை. போதாததற்கு, டைரக்ட்எக்ஸ் 9 (கேம் கார்டுடன் பேசும் பழைய முறை) காலத்து வழக்கப்படி, கார்டுக்கு அனுப்பிய படங்களின் இன்னொரு நகலும் இதே 2 ஜிபிக்குள்தான் கிடக்கும். ஒரு மணி நேரம் சுற்றினால் இடம் நிரம்பும். கதவைத் திறந்து புதுப் பகுதிக்குள் நுழையும்போது ஒரு பெரிய துண்டு இடம் தேவைப்படும், கிடைக்காது, நிரல் இறந்துவிடும். கணினியில் 16 ஜிபி இருந்தாலும் 64 ஜிபி இருந்தாலும் கதை ஒன்றுதான்.

மருந்து, '4ஜிபி பேட்சர்' என்ற சிறு கருவி. நெக்ஸஸ் மோட்ஸ் தளத்தில் கிடைக்கிறது; இலவசக் கணக்கு போதும். கேமின் எக்ஸ்இ இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு ஒருமுறை ஓட்டினால் வேலை முடிந்தது. மூல எக்ஸ்இ 'பேக்கப்' என்ற பெயரோடு பக்கத்திலேயே இருக்கும்; அது வந்திருக்கிறதா என்று பார்த்தால் பேட்ச் ஏறியதா என்று தெரிந்துவிடும். 64 பிட் விண்டோஸில் இதன்பின் கேமுக்கு முழு 4 ஜிபி கிடைக்கும். பிற்பாடு எப்போதாவது ஸ்டீமில் 'கோப்புகளின் முழுமையைச் சரிபார்' என்று கொடுத்தால், ஸ்டீம் மாற்றப்பட்ட எக்ஸ்இயைக் கெட்டுப்போனதாக நினைத்துப் பழையதைத் திரும்பக் கொண்டுவரும். அப்போது பேட்சரை மறுபடி ஓட்ட வேண்டும். மாதக்கணக்கில் நன்றாக ஓடிய கேம் திடீரென்று பழைய குணத்துக்குத் திரும்பினால் அநேகமாக இதுதான் நடந்திருக்கும்.

ஜிஓஜி தளத்தில் வாங்கிய பதிப்பில் கொடி ஏற்கெனவே ஏறியிருக்கும். ஆனாலும் பேட்சரை ஓட்டுங்கள். அடுத்துச் சொல்லப்போகும் எக்ஸ்என்விஎஸ்இயைத் தானாக அழைக்க வைப்பதும் இதே பேட்சர்தான்.

எக்ஸ்என்விஎஸ்இ என்பது கேமின் உள்ளே நுழைந்து திருத்தங்களுக்கு வழிவிடும் நீட்டிப்பு. அதன் கோப்புகளை எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் போட வேண்டும், 'டேட்டா' ஃபோல்டரில் அல்ல. அங்கே போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்களே அதிகம். சரியாக ஏறியதா என்று பார்க்க, கேமுக்குள் எண் 1க்கு இடப்பக்கம் உள்ள பொத்தானை அழுத்திக் கன்சோலைத் திறந்து, 'கெட்', 'என்விஎஸ்இ', 'வெர்ஷன்' மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டுங்கள். பதிப்பு எண் வந்தால் நல்லது. கட்டளை தெரியவில்லை என்று சொன்னால் கோப்புகள் இடம் மாறிக் கிடக்கின்றன.

எண் 60 காட்டியும் ஏன் திணறுகிறது

இங்கேதான் பலர் தவறான மருந்து சாப்பிடுகிறார்கள். திரை மூலையில் நொடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்று காட்டுகிறது. கண்ணுக்கோ தடுக்கித் தடுக்கி ஓடுகிறது. உடனே கிராஃபிக்ஸ் தரத்தைக் குறைக்கிறார்கள். ஒன்றும் மாறாது. தவறு இருப்பது கேமின் கடிகாரத்தில்.

ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்த ஃபிரேமுக்கு எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரிந்தால்தான் ஆளை எத்தனை தூரம் நகர்த்துவது என்று கேம் கணக்கிட முடியும். நியூ வேகஸ் அதற்கு விண்டோஸின் ஒரு பழைய கடிகாரத்தைக் கேட்கிறது. அந்தக் கடிகாரம் இயல்பாகச் சுமார் 15.6 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் நகரும், அதாவது நொடிக்கு 64 முறை. 60 ஃபிரேமில் ஒரு ஃபிரேமின் உண்மையான நேரம் 16.7 மில்லிநொடி. ஆகவே பெரும்பாலான ஃபிரேம்களில் 'ஒரு தட்டு' ஓடியதாகவும், அவ்வப்போது ஒரு ஃபிரேமில் 'இரண்டு தட்டு', அதாவது 31 மில்லிநொடி ஓடியதாகவும் கேம் நம்புகிறது. அந்த ஒரு ஃபிரேமில் ஆள் இரு மடங்கு தூரம் தாவுவார். அதுதான் நீங்கள் காணும் வெட்டு. 165 ஃபிரேமில் ஓட்டினால் இன்னும் மோசம்: ஒரு ஃபிரேம் 6 மில்லிநொடிதான் என்பதால், கடிகாரம் ஒருமுறை நகர்வதற்குள் இரண்டு மூன்று ஃபிரேம் கடந்துவிடும்.

இதைச் சரிசெய்வது 'நியூ வேகஸ் டிக் ஃபிக்ஸ்', சுருக்கமாக என்விடிஎஃப். கேம் பார்க்கும் கடிகாரத்தை நுட்பமான ஒன்றாக மாற்றிவிடுகிறது. 'டேட்டா' ஃபோல்டருக்குள் 'என்விஎஸ்இ', அதற்குள் 'ப்ளகின்ஸ்' என்ற ஃபோல்டரில் அதன் கோப்புகள் போக வேண்டும். இயல்பான அமைப்பே போதும். உடன் வரும் அமைப்புக் கோப்பில், படங்களின் நகலைக் கேமின் நினைவகத்தில் வைக்காமல் கார்டிலேயே வைக்கச் சொல்லும் வரி ஒன்றும் உண்டு. 8 ஜிபி கார்டுக்கு அது நல்ல வரி, 4 ஜிபி முகவரி இடத்தில் பெரும்பங்கை மிச்சப்படுத்தும். ஆனால் அதை இயக்கினால் முழுத்திரை நிலையில் ஆல்ட்-டேப் அடிப்பது ஆபத்து. கீழே சொல்லும் எல்லையில்லாச் சாளர முறையோடு சேர்த்தே இயக்குங்கள்.

பழைய வழிகாட்டல்கள் 'ஸ்டட்டர் ரிமூவர்' என்ற மோடைச் சொல்லும். விண்டோஸ் 7 காலத்தில் அது நல்ல வேலை செய்தது. விண்டோஸ் 10 வந்தபிறகு அதுவே கிராஷுக்குக் காரணமாகிறது. டிக் ஃபிக்ஸுடன் சேர்த்து அதைப் போடவே கூடாது. இரண்டும் ஒரே இடத்தைத் திருத்தப் பார்க்கும்.

60க்கு மேல் போகலாமா

165 ஹெர்ட்ஸ் திரை வாங்கிவிட்டு 60இல் விளையாடச் சொன்னால் மனம் கேட்காதுதான். ஆனால் இந்தக் கேமின் ஹாவோக் இயற்பியல் 60 ஃபிரேமை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. அமைப்புக் கோப்பில் ஹாவோக் பகுதியிலேயே 0.0167 என்ற எண் எழுதியிருக்கும். 1ஐ 60ஆல் வகுத்தால் வருவது அது. கட்டுப்பாடின்றி ஓடவிட்டால் மேசையில் இருக்கும் தட்டும் டம்ளரும் அறைக்குள் நுழைந்ததும் துள்ளிச் சிதறும். டிக் ஃபிக்ஸ் இதையும் ஓரளவு சரிசெய்கிறது, ஆகவே 60ஐத் தாண்டலாம். 120க்கு மேல் போவது வம்பு. முதல்முறை விளையாடுபவருக்கு என் பரிந்துரை 60தான். துப்பாக்கியைத் தூக்கி ஓடுவதைவிட நின்று பேசுவது அதிகமுள்ள கேம் இது.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் இடம்: என்விடியா கன்ட்ரோல் பேனலில் '3டி அமைப்புகள்', அதில் ப்ரோகிராம் வாரியான பகுதி, அங்கே நியூ வேகஸின் எக்ஸ்இயைச் சேர்த்து 'அதிகபட்ச ஃபிரேம் வேகம்' 60. ஜி-சிங்க் (கார்டின் வேகத்துக்குத் திரையே ஒத்துப்போகும் வசதி) உள்ள திரை என்றால் இதோடு முடிந்தது. இல்லாத திரையில் ஒரு சிக்கல் உண்டு: 165ஐ 60ஆல் மீதியின்றி வகுக்க முடியாது. சில ஃபிரேம் திரையில் இரண்டு முறையும் சில மூன்று முறையும் நிற்கும். டிக் ஃபிக்ஸ் போட்டும் திணறல் போகவில்லையே என்பார்கள். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' போய்த் திரையை 120 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அது இல்லையென்றால் 60. ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு முறை, அல்லது ஒரு முறை நிற்கும்.

இந்தக் கட்டுப்பாட்டால் நம் ஊரில் இன்னொரு லாபமும் உண்டு. ஏர்கான் போடாத வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அறையில் பகலில் வெப்பம் 31, 32 டிகிரி இருக்கும். கட்டுப்பாடில்லாத மெனுத் திரை ஒன்றுமில்லாத படத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வரைந்து கார்டைக் கொதிக்க வைக்கும்; விசிறி அலறும்; சூடு ஏறியதும் மடிக்கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; கேமுக்குள் போனபின் திணறும். 60இல் நிறுத்தினால் இந்தச் சங்கிலி தொடங்குவதே இல்லை.

எந்தக் கார்டு ஓடுகிறது என்று பாருங்கள்

உங்கள் மடிக்கணினியில் கிராஃபிக்ஸ் இரண்டு: ப்ராசஸருக்குள் இருப்பது ஒன்று, 4060 இன்னொன்று. பழைய கேமைப் பார்த்ததும் விண்டோஸ் சில நேரம் சிறியதே போதும் என்று முடிவுசெய்துவிடும். 'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே', 'கிராஃபிக்ஸ்' என்று போய், எக்ஸ்இ கோப்பைச் சேர்த்து 'உயர் செயல்திறன்' கொடுங்கள். சேர்க்க வேண்டியது கேமின் எக்ஸ்இயை. லாஞ்சரின் எக்ஸ்இயைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் எந்த ஜிபியு நகர்கிறது என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

ஆல்ட்-டேப் அடித்தால் கருந்திரை, திரும்பி வந்தால் கிராஷ் என்பது டைரக்ட்எக்ஸ் 9இன் பிறவிக் குணம். முழுத்திரையை விட்டு வெளியே போகும் நொடியில் கார்டு கேமின் கையிலிருந்து பறிபோகும். திரும்பி வரும்போது எல்லாவற்றையும் மறுபடி கட்டி எழுப்ப வேண்டும். இந்தக் கேம் அதில் தேர்ந்ததல்ல. லாஞ்சரில் 'விண்டோ' முறையைத் தேர்ந்தெடுத்து, சாளரத்தின் விளிம்பை நீக்கும் 'ஒன்ட்வீக்' போன்ற ப்ளகினைச் சேர்த்தால், பார்ப்பதற்கு முழுத்திரை, உண்மையில் சாளரம். வாட்ஸ்அப் பார்த்துவிட்டுத் தாராளமாகத் திரும்பலாம். விண்டோஸ் எழுத்தளவை 125 அல்லது 150 சதவீதம் வைத்திருப்பவர்களுக்குச் சாளரம் திரையை மீறி வெளியே போகும். எக்ஸ்இ கோப்பின் 'ப்ராப்பர்டீஸ்', 'கம்பேட்டிபிலிட்டி' பக்கத்தில் உயர் டிபிஐ அமைப்பைத் திறந்து, அளவிடும் பொறுப்பை 'அப்ளிகேஷன்' என்பதற்குக் கொடுத்தால் சரியாகும்.

டிஎக்ஸ்விகே எப்போது

டைரக்ட்எக்ஸ் 9 கட்டளைகளை வல்கன் என்ற புதிய கிராஃபிக்ஸ் முறைக்கு மொழிமாற்றித் தரும் நிரல் இது. ஸ்டீம் டெக்கிலும் லினக்ஸிலும் இந்தக் கேம் ஓடுவதே இதன் தயவில். விண்டோஸில் என்விடியா கார்டுக்கு இது அவசியம் இல்லை. மேலே சொன்னவை சரியாக இருந்தால் போட வேண்டாம் என்பேன். இன்டெல் ஆர்க் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. 2022இல் அந்தக் கார்டுகள் வந்தபோது டைரக்ட்எக்ஸ் 9க்கு நேரடி ஆதரவே இல்லை, டைரக்ட்எக்ஸ் 12 வழியாகச் சுற்றித்தான் வரைந்தன. அதே ஆண்டு டிசம்பரில் வந்த டிரைவர் நிலைமையை வெகுவாக மாற்றியது. ஆகவே ஆர்க் வைத்திருப்பவர் முதலில் டிரைவரைப் புதுப்பிக்கட்டும். அதற்குப் பிறகும் குறை இருந்தால் டிஎக்ஸ்விகே.

போடும் முறை எளிது, தவறும் எளிது. இறக்கிய பொதியில் 'எக்ஸ்32', 'எக்ஸ்64' என்று இரண்டு ஃபோல்டர் இருக்கும். கணினி 64 பிட் ஆயிற்றே என்று இரண்டாவதை எடுப்பவர்கள் உண்டு. கேம் 32 பிட். எடுக்க வேண்டியது முதலாவது. அதிலுள்ள 'டி3டி9' டிஎல்எல் கோப்பு ஒன்றை மட்டும் எக்ஸ்இ பக்கத்தில் வையுங்கள். பிடிக்காவிட்டால் அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும்.

போடக் கூடாதவை

இந்தக் கேமுக்கு 15 ஆண்டு ஆலோசனைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பாதி காலாவதி. அமைப்புக் கோப்பில் த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைக் கிளை) எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லும் வரிகள், செல் பஃபரைப் பல மடங்காக்கச் சொல்லும் வரிகள், இவற்றை எங்கே பார்த்தாலும் நகர்ந்துவிடுங்கள். இந்த எஞ்சினின் முக்கிய வேலை ஒரே த்ரெட்டில் நடக்கிறது. ஒரு வரி எழுதி அதை எட்டுக் கோரில் ஓட வைக்க முடியாது. பஃபரைப் பெருக்கினால் குறுகிய நினைவகம் இன்னும் வேகமாக நிறையும், அவ்வளவுதான்.

'ஆன்டி கிராஷ்' என்ற பெயரில் வரும் பழைய மோடும் அப்படியே. அது கிராஷைத் தீர்ப்பதில்லை; பிழையை விழுங்கிவிட்டுக் கேமைத் தள்ளாட வைத்து ஓட்டுகிறது. காய்ச்சலைக் குறைக்கத் தெர்மாமீட்டரை உடைத்த கதை. விழ வேண்டிய இடத்தில் விழாத கேம், கெட்ட நிலையிலேயே சேமித்தும் வைக்கும். பழைய கார்டு ஒன்றின் பெயரைச் சொல்லிக் கேமை ஏமாற்றும் டிஎல்எல் ஒன்றும் 2010 முதல் சுற்றிவருகிறது. இன்றைய கார்டில் அதற்கு வேலையில்லை. அதன் பெயரும் டிஎக்ஸ்விகே கோப்பின் பெயரும் ஒன்றே என்பதால் குழப்பம்தான் மிச்சம்.

4கே டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) பொதிகள் மேல் ஆசை வரும். கிடைத்திருப்பது 4 ஜிபி முகவரி இடம். ஒரு முழுப் பொதி அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். 1080பி, 1440பி திரையில் 2கேக்கு மேல் போனாலும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

மோட் போடுவதென்றால்

டேட்டா ஃபோல்டருக்குள் கையால் கொட்டாதீர்கள். மோட் ஆர்கனைசர் 2 என்ற கருவி, மோட்களைத் தனியே வைத்துக்கொண்டு கேம் ஓடும்போது மட்டும் அவை டேட்டா ஃபோல்டரில் இருப்பதுபோல் காட்டும். தவறு நேர்ந்தால் ஒரு டிக்கை எடுத்தால் போதும், கேமை முழுக்க மறுபடி ஏற்ற வேண்டாம். இந்தக் கருவியைக் கேம் ஃபோல்டருக்குள்ளும் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளும் வைக்கக் கூடாது. மோட் போட்ட பிறகு கேமை இந்தக் கருவியின் வழியாகவே தொடங்க வேண்டும். ஸ்டீமிலிருந்து நேராகத் தொடங்கினால் மோட் ஒன்றும் தெரியாது. புதிய டெக்ஸ்சர் தெரியவில்லை என்றால் 'ஆர்க்கைவ் இன்வேலிடேஷன்' இயங்குகிறதா என்று பாருங்கள். கேமின் பழைய பொதிக்கு முன்னுரிமை தராதே என்று சொல்லும் அமைப்பு அது.

முதல் முறைக்குத் தேவையானவை மிகச் சில: மேலே சொன்ன எக்ஸ்என்விஎஸ்இ, டிக் ஃபிக்ஸ், எஞ்சின் பிழைகளைத் திருத்தும் ஜேஐபி எல்என், ஸ்டூயி ட்வீக்ஸ், கதையிலும் பொருள்களிலும் உள்ள பிழைகளைத் திருத்தும் 'யப்' என்ற ரசிகர் பேட்ச். ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கேமைத் திறந்து பாருங்கள். பத்தை ஒரே மூச்சில் போட்டால் எது இடறுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. மோட் எண்ணிக்கை ஏறத்தாழ 140ஐ நெருங்கும்போது கேம் விசித்திரமாக நடந்துகொள்ளும். எஞ்சின் ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய கோப்புகளுக்கு வரம்பு உண்டு. அதை உயர்த்த 'மோட் லிமிட் ஃபிக்ஸ்' இருக்கிறது. ஆனால் முதல் சுற்றில் அந்த எண்ணை நெருங்க வேண்டிய அவசியமே உங்களுக்கு வரக் கூடாது.

இதற்கு மேலும் விழுந்தால்

எல்லாம் செய்தபின்னும் சில இடங்களில் வேகம் இறங்கும். கேம்ப் மெக்கரன், ஃப்ரீசைடு, ஆட்கள் கூடும் இடமெல்லாம் அப்படித்தான். அங்கே 4060 பாதி தூங்கிக்கொண்டிருக்கும். வேலை முழுக்க ப்ராசஸரின் ஒரு கோரில் நடக்கும். ரெசல்யூஷனைக் குறைத்துப் பயனில்லை. லாஞ்சரில் நிழலையும் தூரத்து ஆட்கள் தெரியும் அளவையும் ஒரு படி இறக்குங்கள். நீர்நிலை அருகில் மட்டும் இறங்கினால் நீரின் பிரதிபலிப்பைக் குறையுங்கள். பிரதிபலிப்பு என்றால் அதே காட்சியை இன்னொரு முறை வரைவது.

கிராஷ் வந்தால் ஊகிக்காதீர்கள். எக்ஸ்என்விஎஸ்இ மேல் ஓடும் 'கிராஷ் லாகர்' ப்ளகினைப் போட்டால் விழுந்த நொடியில் எது கையில் இருந்தது என்று கோப்பில் எழுதும். அதில் ஒரே மோடின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் குற்றவாளி அதுதான். அதோடு, புதுக் கேம் ஒன்றைத் தொடங்கிப் பாருங்கள். புதியது நன்றாக ஓடிப் பழையது மட்டும் விழுந்தால், கெட்டது உங்கள் சேமிப்பு, நிறுவல் அல்ல. பாதி ஆட்டத்தில் ஒரு மோடை நீக்கியிருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். அது விட்டுச்சென்ற தடயங்கள் சேமிப்புக்குள்ளேயே இருக்கும்.

சேமிப்புகள் டாக்குமெண்ட்ஸில், மை கேம்ஸுக்குள், நியூ வேகஸ் ஃபோல்டரின் 'சேவ்ஸ்' பகுதியில் இருக்கின்றன. ஒவ்வொரு சேமிப்புக்கும் இரண்டு கோப்பு: 'எஃப்ஓஎஸ்' என்று முடிவது கேமினுடையது, 'என்விஎஸ்இ' என்று முடிவது நீட்டிப்பினுடையது. வேறு கணினிக்கு நகலெடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே எடுங்கள். விரைவுச் சேமிப்புப் பொத்தானையே நம்பி ஒரே கோப்பின் மேல் திரும்பத் திரும்ப எழுதாமல், மெனுவுக்குப் போய்ப் புதுப்புது இடத்தில் சேமியுங்கள். 20, 30 சேர்ந்ததும் பழையவற்றை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள்.